கணினி அறிவியல் பிஎச்டி: நெட் தேர்வா, கேட் தேர்வா?

கேள்வி: எம்.எஸ்சி. முடிச்சாச்சு. பிஎச்டிக்கு எந்தத் தேர்வு எழுதணும்? எத்தனை வருஷம் ஆகும்?

பதில் 1: ஐஐடிக்குக் குறின்னா கேட் (பொறியியல், அறிவியல் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதுங்க, மதிப்பெண் 3 வருஷம் செல்லும். உதவித்தொகை முக்கியம்னா யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நடத்துற நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப்ங்கிற ஆய்வு உதவித்தொகை வாங்குங்க, முதல் 2 வருஷம் மாசம் 37,000 ரூபாய். யுஜிசியோட 2022 விதிப்படி பிஎச்டிக்குக் குறைந்தது 3 வருஷம், மறுபதிவு இல்லாம அதிகபட்சம் 6.

பதில் 2: தேர்வைவிட வழிகாட்டி முக்கியம்ங்க. அவரோட மாணவர்கள் கட்டுரை எங்கெல்லாம் வந்திருக்குன்னு டிபிஎல்பியில் (கணினி அறிவியல் கட்டுரைகளைப் பட்டியலிடும் இணையதளம்) தேடிப் பாருங்க.

பதில் 3: இயந்திரக் கற்றல்னா ஒண்ணு. தரவை நார்மலைஸ் பண்ணிட்டு (எண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்துட்டு) அப்புறம் பயிற்சி, சோதனைன்னு பிரிக்காதீங்க. முழுத் தரவின் சராசரி வழியா சோதனைப் பகுதி பயிற்சிக்குள்ள கசிஞ்சிடும், துல்லியம் பொய்யா ஏறும். முதல்ல பிரிங்க; பயிற்சிப் பகுதிக்கு மட்டும் சராசரி எடுங்க. ரேண்டம் சீடை (சமவாய்ப்பு எண்களை உருவாக்கத் தர்ற தொடக்க எண்) 5 தடவை மாத்தி ஓட்டி, முடிவைத் திட்டவிலக்கத்தோட எழுதுங்க.