பிஸ்கோத்திக்குத் தமிழ்ச்சொல்: 'இருசுடல்' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் உணவியல் சொல்தொகுதியில், இருமுறை சுட்டெடுக்கும் இத்தாலிய பிஸ்கட்டான பிஸ்கோத்திக்கு நேரே 'இத்தாலிய ரஸ்க்' என்றிருக்கிறது. மாற்றியே ஆகவேண்டும். ரஸ்க் ஈஸ்ட் போட்டுப் பொங்கிய ரொட்டியை அறுத்துக் காயவைப்பது. இத்தாலியின் தொஸ்கானா பகுதியில், பிராத்தோ நகரத்துப் பாதாம் பிஸ்கோத்தியான கந்துச்சியில் ஈஸ்ட் இல்லை. மரபுச் செய்முறையில் வெண்ணெயும் இல்லை. மாவு, சர்க்கரை, முட்டை, தோலோடு முழுப் பாதாம், அவ்வளவே. 'இருசுடல்' என்று முன்மொழிகிறேன்.

---

> 'இருசுடல்' என்று முன்மொழிகிறேன்

வணக்கம் ஐயா. சுடல் தொழிற்பெயர், பண்டத்துக்கு ஒட்டாது. தவிர, இரண்டு சூடும் ஒன்றல்ல. முதலில் 180 டிகிரியில் 25 நிமிடம்: நீளமாக உருட்டிய மாவு உள்வரை வெந்து இறுகும். பத்து நிமிடம் ஆறவிட்டு, பல்வைத்த கத்தியால் ஒன்றரை செ.மீ. கனத்தில் சாய்வாக அறுக்க வேண்டும். சுடச்சுட அறுத்தால் பாதாம் கத்தியோடு இழுபட்டுத் துண்டு உதிரும்; முழுக்க ஆறிவிட்டால் நொறுங்கும். அடுத்து 150 டிகிரியில் பக்கத்துக்குப் பத்து நிமிடம். இனி வேக ஒன்றும் மிச்சமில்லை, ஈரம்தான் வெளியேறுகிறது. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ஓரம் கருகும், நடுவில் ஈரம் தங்கும், டப்பாவில் சீக்கிரமே நமத்துப்போகும். அதனால் இரண்டாம் கட்டத்துக்கு 'உலர்சுடல்'. பண்டத்துக்கு 'இருசுடு விசுக்கோத்து'.

---

> இருசுடு விசுக்கோத்து

'உலர்சுடல்' நடப்பதை அப்படியே சொல்கிறது. ஏற்கிறேன்.

விசுக்கோத்து இலங்கைத் தமிழில் வழங்கும் சொல். பிஸ்கோத்தியைப் போலவே இதற்கும் 'இருமுறை வெந்தது' என்னும் லத்தீன்தான் மூலம். அப்படியானால் 'இருசுடு' கூறியது கூறல் ஆகாதா? ஆகாது. இன்று விசுக்கோத்து என்றால் ஒருமுறை சுட்டதுதான். இத்தாலியிலும் பிஸ்கோத்தி எல்லா பிஸ்கட்டுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. எனவே அடைமொழி தேவை.

விளக்கக் குறிப்பில் 'உடலுக்கு நல்லது' என்றிருப்பதை நீக்கிவிடுங்கள். 250 கிராம் மாவு, 180 கிராம் சர்க்கரை, 2 முட்டை, 125 கிராம் பாதாம் என்று வைத்துக் கணக்கிட்டால், 20 கிராம் துண்டில் ஏறத்தாழ 85 முதல் 90 கலோரி, 6 கிராம் சர்க்கரை, 2 கிராம் புரதம், இரண்டரை கிராம் கொழுப்பு. கொழுப்பு பெரும்பாலும் பாதாமுடையது, அது குறையல்ல. ஆனால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. வெண்ணெய் சேர்த்தால் கடிக்க மெதுவாக இருக்கும், கலோரி ஏறும். மரபுவகை கடினமாக இருப்பதால்தான் அங்கே வின் சாந்தோ என்ற இனிப்பு ஒயினில் தோய்த்துத் தின்கிறார்கள்.

கந்துச்சியை மட்டும் ஒலிபெயர்ப்போடு விட்டுவிடுவோம். 'கந்துச்சி தொஸ்கானி' ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு பெற்ற பெயர், அதை மொழிபெயர்க்க முடியாது.