மறு: பிக்கப் வண்டி எடைச் சொற்கள் – 'டங் வெயிட்' என்பதை என்னவென்று சொல்வது?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பிக்கப் வண்டிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் அம்மையார், 'கர்ப் வெயிட்', 'கிராஸ் வெஹிக்கிள் வெயிட் ரேட்டிங்', 'பேலோடு', 'டோயிங் கெப்பாசிட்டி', 'டங் வெயிட்' முதலிய எடைச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கியிருந்தார். அதற்கு மூன்று நாள்களாக வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். 'கர்ப் வெயிட்' என்பதற்கு 'நடைமேடை விளிம்பெடை' என்றும், 'டங் வெயிட்' என்பதற்கு 'நாக்கெடை' என்றும் வந்த பரிந்துரைகளை அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும். வண்டியின் நாக்கை எடை போடச் சொன்னால் ஓட்டுநர் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

அவற்றில் சிக்கலானது, எல்லாரும் எளிதென்று தாண்டிப் போன 'ரேட்டிங்' என்பதுதான் என்று நினைக்கிறேன். 'மதிப்பீடு' என்று ஒருவரும் 'தரமதிப்பு' என்று ஒருவரும் எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு 'மொத்த வாகன எடை' என்று முடித்துக்கொண்டார்கள். அப்படி விட்டால் கையேட்டில் 'மொத்த வாகன எடை மொத்த வாகன எடையை மிஞ்சக் கூடாது' என்று ஒரு வரி வந்து நிற்கும். முதலாவது, இன்று வண்டி உண்மையில் எவ்வளவு கனக்கிறது என்பது. இரண்டாவது, எவ்வளவு வரை கனக்கலாம் என்று வண்டியைச் செய்தவர் அறிவித்த எல்லை. முன்னதை எடை மேடை சொல்லும். பின்னதை எந்த எடை மேடையாலும் சொல்ல முடியாது.

சென்ற மாதம் மாதவரம் பக்கத்து எடை மேடை ஒன்றில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஓடுகள் ஏற்றிய சிறு சரக்கு வண்டிக்காரர் ஒருவர், சீட்டில் கிராஸ் (மொத்தம்) 2,740 கிலோ, டேர் (வெறும் வண்டி) 1,380, நெட் (சரக்கு மட்டும்) 1,360 என்று அச்சாகி வந்ததை ஆர்.சி. புத்தகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் கிராஸ் 2,600 என்று இருந்தது. "ரெண்டுலயும் கிராஸ்னுதானே சார் போட்டிருக்கு, எது கரெக்ட்டு?" என்று கேட்டார். இரண்டும் சரிதான் என்பதையும், அவற்றுக்கிடையே உள்ள 140 கிலோதான் அதிகச் சுமை என்பதையும் அவருக்கு விளங்கவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பிழை அவருடையதன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே, அனுமதிக்கப்பட்டதாகச் சான்றளித்துப் பதிவு செய்த எடையைத்தான் 'கிராஸ் வெஹிக்கிள் வெயிட்' என்று வரையறுக்கிறது. 'ரேட்டிங்' என்ற சொல் அங்கே இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 194ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும் மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. இருபதாயிரம் ரூபாய் தொங்கும் இடத்தில் ஒரே சொல் இரு பொருளில் உலவலாகாது.

ஆகவே அளந்து அறிவதை 'எடை' என்றும், அறிவிக்கப்பட்டதை 'எடைவரம்பு' என்றும் பிரித்துவிடலாம். 2018 ஜூலையில் நடுவண் அரசு இரண்டு அச்சு (ஆக்சில்) கொண்ட லாரிகளுக்கான மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது நினைவிருக்கும். ஆணை போட்டால் உயரக்கூடியது வரம்பாகத்தான் இருக்க முடியும். இந்த முறையில் வண்டி எடைவரம்பு, அச்சு எடைவரம்பு, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்ததற்குக் கூட்டு எடைவரம்பு என்று மூன்று சொற்கள் தாமாகவே அமைந்துவிடுகின்றன. 'அச்சு' என்பதற்குப் பதிலாக 'இருசு' என்ற பழைய வண்டிச் சொல்லை மீட்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பள்ளிப் பாடமும் பணிமனையும் 'அச்சு'க்குப் பழகிவிட்டன. 'கர்ப் வெயிட்' என்பது எரிபொருளும் எண்ணெய்களும் நிரம்பி, ஆளும் சரக்கும் இல்லாமல் நிற்கும் வண்டியின் எடை. அதற்குக் 'காலி எடை' போதும். கிலோ என்பது நிறையின் அலகாதலால் எல்லாவற்றையும் 'நிறை' என்றே எழுத வேண்டும் என்று இந்த இழையில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் சொன்னது பாடப்படி சரி. எனினும் எடை மேடையின் பெயர்ப்பலகையை அவர் மாற்றிக் காட்டினால் நானும் மாறிக்கொள்கிறேன்.

'பேலோடு' என்பதைச் 'சரக்குச் சுமை' என்பது தவறு. வண்டி எடைவரம்பிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவது அது. அதற்குள் ஓட்டுநர் முதல் பின்னிருக்கைக் குழந்தை வரை எல்லாரும் அடக்கம். அமெரிக்காவில் விற்கும் வண்டிகளின் கதவோரத்தில் ஒட்டப்படும் சீட்டே 'ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவை ஒருபோதும் மிஞ்சக் கூடாது' என்றுதான் சொல்கிறது. அந்நாட்டில் 'அரை டன்', 'முக்கால் டன்', 'ஒரு டன்' என்று பிக்கப் வண்டிகளை அழைக்கும் வழக்கம் அந்தக் காலத்துச் சுமையளவிலிருந்து வந்து பெயராக மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைய அரை டன் வண்டி அரை டன்னுக்கு மேலேயே ஏற்றும். கையேட்டில் அந்தப் பெயர்களை எண்ணாக எண்ணி மொழிபெயர்த்துவிட வேண்டாம் என்று அம்மையாரைக் கேட்டுக்கொள்கிறேன். நான் முன்வைப்பது 'ஏற்றுவரம்பு'. அதற்கு இணையாக, எவ்வளவு எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம் என்ற எல்லையான 'டோயிங் கெப்பாசிட்டி'க்கு 'இழுவரம்பு'.

இனி டங் வெயிட். டிரெய்லரின் முன்முனை, வண்டியின் பின்கொக்கியில் கீழ்நோக்கி அழுத்தும் பாரம் அது. சாதாரணக் கொக்கியில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அங்கே இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். மிகுந்தால் இழுக்கும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் பிடிமானம் இழந்து, திருப்புவதும் நிறுத்துவதும் கெடும். இதைப் படிக்கும்போது எனக்கு மதுராந்தகம் பக்கத்தில் நெல்மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள்தாம் நினைவுக்கு வந்தன. மாடுகளைப் பூட்டுமுன் வண்டிக்காரர் ஏர்க்காலின் நுனியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் 'முன்பாரம்' என்று ஒரு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுவார். சுலபமாக மேலே வந்துவிட்டால் 'பின்பாரம்' என்று முன்னுக்கு இழுப்பார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். டிரெய்லர்க்காரருக்கு நேரும் இரண்டு இடர்களும் வண்டிக்காரருக்கு முன்பே தெரிந்தவை. எனவே 'முன்பாரம்' என்ற வழக்குச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

சொற்கள் தாங்குகின்றனவா என்று ஒரு கற்பனை வண்டியில் ஏற்றிப் பார்த்தேன். காலி எடை 2,300 கிலோ, வண்டி எடைவரம்பு 3,200, கூட்டு எடைவரம்பு 6,100 என்று கொள்வோம், ஏற்றுவரம்பு 900. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் இழுவைச் சோதனை நெறி, ஆட்களில் ஓட்டுநரையும் இன்னொருவரையும் மட்டுமே தலைக்கு 68 கிலோவாகக் கணக்கில் கொள்வதால், கூட்டு எடைவரம்பிலிருந்து காலி வண்டியையும் அவ்விருவரையும் கழித்து, விளம்பரத்தில் இழுவரம்பு ஏறத்தாழ 3,660 என்று வரும். ஆனால் 75 கிலோ வீதம் ஐவர் ஏறி, 165 கிலோ மூட்டை முடிச்சும் வைத்தால் வண்டி 2,840 ஆகிறது. கூட்டு எடைவரம்புப்படி 3,260 கிலோதான் இழுக்கலாம். சரி, அதையாவது இழுக்கலாமா என்றால், அதன் முன்பாரம் 12 விழுக்காட்டுக்கு 391 கிலோ வந்து வண்டியின் மேல் உட்காரும். 3,231 ஆகி, வண்டி எடைவரம்பை 31 கிலோ தாண்டிவிடும். விற்பனையாளர் இழுவரம்பை மட்டும் சொல்லி விற்கும் இடத்தில் வாங்குபவர் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான்.

மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

– – –

ஐயா, வணக்கம்.

அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். 'எடைவரம்பு', 'ஏற்றுவரம்பு', 'இழுவரம்பு' மூன்றும் எனக்கு உடன்பாடு. 'முன்பாரம்' மட்டும் இடிக்கிறது. எங்களிடம் வரும் ஓட்டுநர் 'வண்டி முன்பாரமாக இழுக்கிறது' என்றால், லாரியின் முன்னச்சில் சுமை மிகுந்திருக்கிறது என்றே நாங்கள் புரிந்துகொள்வோம். நீங்கள் சொல்லும் பாரமோ டிரெய்லருக்கு முன்பாரம், இழுக்கும் வண்டிக்குப் பின்பாரம். அது இறங்குவது பின்னச்சில். சென்னையில் மீன்பாடி வண்டிக்காரரிடம் கேட்டால் இன்னும் குழப்பம், அவருக்குச் சுமை முழுவதுமே முன்னால்தான். யாருடைய முன் என்று கேட்க வைக்கும் சொல் கையேட்டுக்கு ஆகாது. உங்கள் மடலிலேயே விடை இருக்கிறது: பாரம் இறங்கும் இடம் நுகம். 'நுகப்பாரம்' என்றால் என்ன?

– – –

அன்புடையீர்,

தோற்றதில் மகிழ்ச்சி. 'முன்பாரம்' திசையைச் சொல்கிறது, 'நுகப்பாரம்' இடத்தைச் சொல்கிறது. இடம் பார்ப்பவரைப் பொறுத்து மாறுவதில்லை. பின்கொக்கிக்குப் பதிலாக வண்டியின் தொட்டிக்குள், பின்னச்சின் மேலேயே பூட்டும் பெரிய டிரெய்லர்களில் இந்தப் பாரம் 15 முதல் 25 விழுக்காடு வரை போகும். அங்கே ஆங்கிலத்தில் நாக்கு போய் 'பின் வெயிட்' (pin, அதாவது பூட்டு முளை) என்று வேறு பெயர் வந்துவிடுகிறது. நமக்கு இரண்டு இடத்துக்கும் நுகம் ஒன்றே போதும். 'டிரெய்லர்' என்பதை அப்படியே விட்டுவிடலாம். எண்ணூர் சாலையில் அதற்கு வேறு பெயர் சொல்பவரை நான் கண்டதில்லை.

அம்மையார் கேட்டிருந்த எச்சரிக்கை வரியை இப்படி வைத்துக்கொள்ளலாம்: 'டிரெய்லரின் நுகப்பாரமும் வண்டியின் ஏற்றுவரம்புக்குள் அடங்கும், ஆட்களையும் சரக்கையும் ஏற்றுமுன் அதைக் கழித்துக்கொள்ளவும்.'