டென்மார்க் நியோர்ட் கிராமத்தில் ஒரு நாள் தங்க யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம் கோபன்ஹேகனில் கார் வாடகைக்கு எடுத்து, பழுப்புப் பலகையில் வெள்ளைப் பூ போட்டிருக்குமே, 1991-ல் திறந்த அந்த மார்கரிட் சுற்றுலாச் சாலையில் தெற்கே மோன் தீவு வரை போகலாம் என்றிருக்கிறோம், அம்மாவும் வருகிறார்கள். நெடுஞ்சாலையில் சீக்கிரம் போய்விடலாம்தான், ஆனால் வயல்களுக்கு நடுவே வளைந்து போகும் வழிக்காகத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம்.

மோன்ஸ் கிளின்ட் சுண்ணாம்புப் பாறைகளை எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு ஆசையெல்லாம் பக்கத்திலுள்ள நியோர்ட்மேல். 1960களில் பாலம் வரும்வரை படகில்தான் போக முடிந்த குட்டித் தீவு, எண்கோண வடிவத்தில் தேவாலயம், பறவைகள் வந்திறங்கும் உப்புப் புல்வெளி. காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடந்துதான் உள்ளே போக வேண்டும்.

அங்கேதான் யோசனையாக இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, கார் நிறுத்துமிடத்திலிருந்து துறைமுகம் வரை மெதுவாக நடந்துவிட முடியுமா, வழியில் உட்கார பெஞ்சு இருக்கிறதா? நாங்கள் சைவம், சாயங்காலத்துக்கு மேல் ஏதாவது கிடைக்குமா, இல்லை மோனில் உள்ள ஸ்டேகே ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லதா? அப்புறம், வீட்டு வாசலில் ஆளில்லாமல் உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெரியும் வைத்து விற்கிறார்களே, மொபைல்பே என்கிற அந்த ஊர் பணச்செயலி இல்லாத வெளியூர்க்காரர்களுக்குச் சில்லறைக் குரோனர் போதுமா?

இரவு தங்கியவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். மோன் 2017-ல் இருண்ட வானப் பகுதியாக அங்கீகாரம் பெற்ற இடம், ஜூனில் இருட்டவே ரொம்ப நேரமாகும், நட்சத்திரத்துக்காக ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடலாமா? இந்த வாரத்துக்குள் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும்.