பிளக்கைக் கழற்றி வைத்தால் மறுநாள் வின்டோஸ் வருதில்லை

கல்லடி:
பத்து வருசத்துக்கு மேற்பட்ட டெஸ்க்டொப், வின்டோஸ் 10. மாரி தொடங்கினதில் இருந்து இடி மின்னலுக்குப் பயந்து இரவில் சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றி விடுவோம். காலையில் போட்டால் கறுப்புத் திரையில் எஃப்1 அமத்தச் சொல்கிறது, திகதி 2009இல் நிற்கிறது, அமத்தினால் நீலத்திரை, 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று. கடையில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, போமட் அடிக்க வேணும் என்கிறார்கள். தங்கச்சியின் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) நோட்ஸ் முழுக்க அதுக்குள்தான். வேறு வழி இருக்கா?

சம்மாந்துறை:
தம்பி, போமட் அடிக்க விட்டுடாதீங்க! டிஸ்க் போயிருந்தால் திகதி ஏன் மாறுது? மதர்போர்டில் காசு மாதிரி இருக்கிற சீஆர்2032 பற்றரி செத்துப்போச்சு. பிளக் போட்டிருக்கும் வரைக்கும், மிசின் நிப்பாட்டி இருந்தாலும், பவர் சப்ளையில் இருந்து வாற கரண்டில் பயோஸ் (வின்டோஸுக்கு முதல் ஓடுற, போர்டில் இருக்கிற புரோகிராம்) செட்டிங் தாங்கும், கழற்றினால் அந்தப் பற்றரிதான் தாங்க வேணும், அது இல்லாததால் எல்லாம் பழையபடி கொம்பனி செட்டிங்குக்குப் போகுது. பழைய போர்டுகள் பலதில் சாட்டா மோட், அதாவது போர்டு ஹார்ட் டிஸ்கோடு பேசுற முறை, அப்போது ஐடிஈ என்ற பழைய முறை ஆகிடும், உங்கட வின்டோஸை ஏஎச்சிஐ என்ற புது முறையில் போட்டிருப்பாங்க, அதான் டிஸ்கை எட்ட முடியாமல் நீலத்திரை. பிளக்கைக் கழற்றிவிட்டு 3 வோல்ட் புதுப் பற்றரி போடுங்க, பிளஸ் பக்கம் மேலே. மறுகா போட்ட உடனே டிலீட் கீயைத் திரும்பத் திரும்ப அமத்தி பயோஸுக்குள் போய், திகதியைச் சரியாக்கி, சாட்டா மோடை ஏஎச்சிஐ ஆக்கி, எஃப்10 அமத்தி சேவ் பண்ணுங்க.

கல்லடி:
நானா, வின்டோஸ் வந்துட்டு! நோட்ஸ் அப்படியே இருக்கு, தங்கச்சி அழாத குறை. திகதியும் சரியாக இருக்கு. ஆனால் நேற்று இரவு கழற்றி வைத்துப் பார்த்தேன், இன்றைக்குத் திரும்பவும் எஃப்1.

களுவாஞ்சிகுடி:
பற்றரி இருக்கிற கிளிப்பைப் பாருங்க தம்பி. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றுக்கு அது பச்சை பிடிக்கும், புதுப் பற்றரி போட்டாலும் தொடுப்பு இராது. பிளக்கைக் கழற்றிவிட்டு பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, கிளிப்பைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டுப் போடுங்க. செட்டிங்கை மாற்றின கையோடு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்க. அதுக்கெல்லாம் முதல் நோட்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றுங்க, இன்றைக்கே.