ஒத்தக் கண்ணு தெரிஞ்சா முயல்தானா?

கடலைக்காட்டான்:
ராத்திரி முயல் அடிக்கறது எப்படின்னு கேட்ட தம்பிக்கு. ரெண்டே சாமான் போதும், நெத்தி லைட்டும் ஏர் ரைபிளும். நிலா இல்லாத நாளாப் பாத்துப் போகணும். வரப்பு ஓரமா லைட்டை மெதுவா ஓட்டுனா சிவப்பா ஒரு கண்ணு மின்னும். ஒத்தக் கண்ணுன்னா முயல். ரெட்டைக் கண்ணுன்னா நாயோ நரியோ பூனையோ, விட்டுரணும். 22 வருசத்துல எனக்கு இது தப்பினதே இல்ல. ஏர் கன்னுக்கு லைசென்சும் வேணாம்.

அய்யலூர் ராக்குருவி:
"ஒத்தக் கண்ணுன்னா முயல்"னு இவ்வளவு தைரியமா எழுதறீங்களே, பக்கின்னு ஒரு ராத்திரிப் பறவை, அதைப் பாத்ததே இல்லையா? பொழுது சாஞ்சா மண் தடத்துல உக்காந்திருக்கும். பக்கவாட்டுல ஒரே கண்ணு, கங்கு மாதிரி சிவப்பு. பைக் வெளிச்சம் கிட்ட வர்ற வரைக்கும் அசையாது, சக்கரத்துக்கு முன்னாடிதான் எழும்பும். உங்க கணக்குல அது முயல். பெல்லட் பாஞ்சிருக்கும். 22 வருசத்துல எத்தனை பக்கி செத்துச்சுன்னு எண்ணியிருக்கீங்களா?

கடலைக்காட்டான்:
பக்கிக்கும் முயலுக்கும் வித்தியாசம் தெரியாமயா காட்டுக்குப் போறோம்? முயலுக்குக் கண்ணு மண்டைக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. அதான் ஒண்ணு மட்டும் தெரியுது. ஒத்தக் கண்ணுன்னா முயல். அவ்வளவுதான்.

அய்யலூர் ராக்குருவி:
பக்கிக்கும் கண்ணு ரெண்டு பக்கமும்தான் இருக்கு! அதைத்தானே சொல்றேன். நாய் தலையைத் திருப்பினாலும் ஒத்தக் கண்ணு. ஆட்டுக்குட்டி படுத்திருந்தாலும் ஒத்தக் கண்ணு. தேவாங்கோட ஒரு கண்ணைக் கிளுவை இலை மறைச்சாலும் ஒத்தக் கண்ணு, அதுவும் செக்கச் செவேல்னு. திண்டுக்கல், கரூர் ரெண்டு மாவட்டத்துலயும் சேத்து 11,806 ஹெக்டேரை 2022-ல கடவூர் தேவாங்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க. நாட்டுலயே தேவாங்குக்குன்னு முதல் சரணாலயம். அந்தப் பக்கத்துக் காட்டுலதான் நீங்க ஒத்தக் கண்ணைப் பாத்துச் சுடறீங்க.

கடலைக்காட்டான்:
தேவாங்கு மரத்துல இருக்கும். முயல் தரையில இருக்கும். மரத்தைப் பாத்து எவன் முயல் சுடுவான்?

அய்யலூர் ராக்குருவி:
வேலியில இடைவெளி விழுந்தா தேவாங்கு தரையில இறங்கித்தான் நடக்கும். ராத்திரியில நின்னு பாத்தவனுக்குத் தெரியும்.

லீட்ஸ்வாசி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். இங்க இங்கிலாந்துல லைட் அடிச்சு முயல் சுடறது சாதாரண விஷயம். குண்டோட ஆற்றல் 12 அடி-பவுண்டுக்கு மேல போகாத ஏர் ரைபிளுக்குச் சான்றிதழ் கிடையாது, நிலத்துக்காரர் சம்மதம் இருந்தாப் போதும். தன் நிலத்து முயலைக் கட்டுப்படுத்தறது நிலத்துக்காரர் பொறுப்புன்னு 1954-லயே சட்டம் போட்டுட்டாங்க. நம்ம ஊர்ல மட்டும் ஏன் இப்படி மிரட்டறீங்க?

அய்யலூர் ராக்குருவி:
அண்ணே, நீங்க சொல்றது வேற மிருகம், இங்கிலீஷ்ல ராபிட். நம்மது ஹேர். அது வளை தோண்டிக் கூட்டமா வாழும். குட்டி முடியில்லாம, கண்ணு மூடிப் பொறக்கும். நம்ம முயல் வளை தோண்டாது. புல்லுக்குள்ள ஒடுங்கிக் கிடக்கும். அதோட குட்டி பொறக்கும்போதே ரோமத்தோட கண்ணைத் திறந்திருக்கும். அந்த ஊர் சட்டத்தை இந்த முயல் மேல போர்த்தாதீங்க.

சிப்பிப்பாறை பிரியன்:
வளை தோண்டாதா? எங்க கரட்டுல முயல் பொந்துக்குள்ள பாஞ்சதை என் கண்ணால பாத்திருக்கேன்.

அய்யலூர் ராக்குருவி:
நாய் துரத்துனா எவன் தோண்டின பொந்தா இருந்தாலும் நுழையும். நுழையறது வேற, தோண்டறது வேற. உங்க நாய் எதுக்குத் துரத்துச்சுன்னு நான் கேக்கல.

சிப்பிப்பாறை பிரியன்:
வந்துட்டாருய்யா! போன பொங்கலுக்கும் இதே பேச்சு. சிப்பிப்பாறை, கன்னி நாய் வளக்கறவன் எல்லாம் திருட்டு வேட்டைக்காரன்னு சொன்னீங்க. அதுக்கு இன்னும் மன்னிப்புக் கேக்கல.

கடலைக்காட்டான்:
நாயை விடுங்க. கன்னுக்கு லைசென்ஸ் வேணாம்னேன். அது பொய்யா?

அய்யலூர் ராக்குருவி:
கன்னுக்கு வேணாம், உண்மை. குண்டோட ஆற்றல் 20 ஜூலுக்குள்ள, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்குள்ள இருந்தா 2016 ஆயுத விதிப்படி லைசென்ஸ் தேவையில்லை. தகர டப்பாவைச் சுடுங்க, யார் கேக்கப் போறா? முயலைச் சுட 1972 வனவிலங்குச் சட்டம் 9-ம் பிரிவு விடாது. முன்னாடி நாலாம் அட்டவணையில இருந்த முயலை 2022 திருத்தத்துல இரண்டாம் அட்டவணைக்குக் கொண்டு போயாச்சு. குறி தப்பினாலும் வேட்டைதான், முயற்சி பண்ணினதையும் சட்டம் வேட்டைன்னுதான் சொல்லுது. 3 வருசம் வரைக்கும் ஜெயில். கேள்வி கேட்ட தம்பி சின்னப் பையன். அவன் உங்க பேச்சை நம்பிக் கிளம்பி மாட்டினா நீங்களா போய் ஜாமீன் எடுப்பீங்க?

கடலைக்காட்டான்:
மொளைச்ச கடலைச் செடியை வரிசை வரிசையா கடிச்சுப் போட்டுருக்கே, அதுக்கு எந்தப் பிரிவு? விடிகாலையில அந்தக் காட்டைப் பாத்துட்டு நிக்கறவன் வயிறு உங்களுக்குத் தெரியுமா?

அய்யலூர் ராக்குருவி:
தெரியும், எங்க அப்பாவும் கடலைதான் போட்டாரு. பயிரை அழிச்சா 11-ம் பிரிவுல அனுமதி கேக்க வழி இருக்கு. எழுதிக் குடுத்தீங்களா? அதை விடுங்க. ஒத்தக் கண்ணுக்கு வாங்க. வர்ற அமாவாசைக்கு நானே வர்றேன். கன்னை வீட்டுல வச்சுட்டு லைட்டோட மட்டும் வாங்க. தெரியற ஒத்தக் கண்ணு ஒவ்வொண்ணுக்கும் கிட்டப் போய் என்னன்னு பாப்போம்.

கடலைக்காட்டான்:
கன் இல்லாம ராத்திரியில காட்டுல எனக்கு என்ன வேலை? ஒத்தக் கண்ணுன்னா முயல்தான். எங்க தாத்தா சொன்னது.

சிப்பிப்பாறை பிரியன்:
ராக்குருவி அண்ணே, அமாவாசை எல்லாம் இருக்கட்டும். நாய் விஷயத்துக்குப் பதில் சொல்லுங்க.