டிரெட்மில் போர்டை லேத்துக்குப் போடலாமா?

கொழிஞ்சாம்பாறை கடைசல்
வேலந்தாவளம் ரோட்டில் மரக்கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். உக்கடத்தில் பழைய டிரெட்மில் ஒன்றை இரும்பு விலைக்கு எடுத்தேன். மோட்டார் தகட்டில் 180 வோல்ட் டிசி, 4000 சுற்று என்று இருந்தது. அதன் ஸ்பீடு போர்டையும் (வேகத்தை மாற்றும் சர்க்யூட்) சேர்த்து லேத்தில் மாட்டி எட்டு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் வேகம் மாற்ற பெல்ட்டைக் கழற்றி வேறு புல்லிக்கு மாற்ற வேண்டும். இப்போது குமிழைத் திருகினால் போதும். பலாக்கட்டையில் கிண்ணம் கடையும்போது விளிம்பு அதிர ஆரம்பித்தால், உளியை எடுக்காமலே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். காசு போட்டு விஎஃப்டி (மூன்று பேஸ் மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) வாங்குவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

வாளையாறு வைண்டிங்
அண்ணா, லேத்து நன்றாக ஓடும், அதில் சந்தேகமில்லை. எனக்குப் பயம் அந்தக் குமிழ்தான். இந்த போர்டுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட் நேராக, ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜுக்குப் போகிறது, அதன் உச்சம் 325. போர்டின் மைனஸை எர்த் என்று நினைத்துவிடக் கூடாது. குமிழுக்குப் போகிற மூன்று வயரிலும் மெயின்ஸ் இருக்கிறது. குமிழின் தண்டு இரும்பாக இருந்து, உள்ளே இன்சுலேஷன் போனால் அப்புறம் கையில்தான் வாங்க வேண்டும். கரண்டு கசிந்தால் லைனை வெட்டிவிடும் இஎல்சிபி காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். ஏசி வகை இஎல்சிபி இந்த மாதிரி அரை அலைக் கசிவுக்கு விழும் என்று உறுதி கிடையாது, அதற்கு ஏ வகை வேண்டும். மீட்டரை டிசியில் வைத்து மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள்.

செங்கோட்டை பட்டறை
ஷாக் ஒருபுறம் இருக்கட்டும், இழுவை இருக்கிறதா? தகட்டில் 2.5 எச்பி என்று போட்டிருப்பது முழு வேகத்தில் கிடைக்கிற கணக்கு. டிசி மோட்டாரின் டார்க், அதாவது சுழற்றும் விசை, கரண்டைப் பொறுத்தது. 400 சுற்றில் ஓட்டினால் பத்தில் ஒரு பங்கு பவர்தான் மிஞ்சும். ஃபேனும் அதே தண்டில் இருப்பதால் அப்போது காற்றும் வராது. இப்படி ஓட்டி ஒரு மோட்டாரை எரித்திருக்கிறேன், அந்த வார்னிஷ் நாற்றம் இரண்டு நாள் பட்டறையை விட்டுப் போகவில்லை. 1 எச்பி மூன்று பேஸ் மோட்டாரின் காயில்களை டெல்டாவில் (முக்கோணமாக) கட்டி, சிங்கிள் பேஸில் ஓடும் விஎஃப்டி போடுங்கள். மூடிய மோட்டார், மரத்தூள் உள்ளே போகாது. தேய்ந்த கார்பன் பிரஷ் மாற்றும் வேலையும் இல்லை.

கொழிஞ்சாம்பாறை கடைசல்
மோட்டாரில் 2 இஞ்ச், லேத்தில் 6 இஞ்ச் புல்லி போட்டிருக்கிறேன். முழு வேகத்தில் லேத்துக்கு 1300 சுற்று, டார்க் மூன்று மடங்கு. அதனால் மோட்டாரை அவ்வளவு கீழே இறக்க வேண்டிய தேவையே வருவதில்லை. தனியாக ஒரு சின்ன ஃபேனும் வைத்திருக்கிறேன். நேரடியாக இணைத்து ஓட்டினால் எரியத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன்.

மூணாறு தச்சு
பாலிஷுக்கு ரிவர்ஸில் ஓட்டலாமா?

வாளையாறு வைண்டிங்
வேண்டாம் தம்பி. பல மோட்டாரில் ஃப்ளைவீல் மரையில் ஏறியிருக்கும். எதிர்த்திசையில் சுற்றினால் கழன்று வரும்.

அண்ணா, இன்னொன்று. கரண்டு போய்த் திரும்பி வந்தால் உங்கள் லேத்து தானாக ஓடுகிறதா? சில போர்டில் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். எல்லாவற்றிலும் அந்த வசதி கிடையாது.

செங்கோட்டை பட்டறை
அதற்குக் காண்டாக்டரும் (கரண்டு போனால் தானாக விடும் சுவிட்ச்) புஷ் பட்டனும் போட்டால் போதும். விஎஃப்டியிலும் அந்த செட்டிங்கைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை கடைசல்
காலையில் இரண்டையும் சோதித்தேன். குமிழ் பூஜ்யத்துக்கு வராமல் ஓடவில்லை, அது நிம்மதி. மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 101 வோல்ட் காட்டியது. என் குமிழின் தண்டு இரும்பு. எட்டு மாதமாக வியர்வைக் கையோடு அதைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். விஎஃப்டி விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் பிளாஸ்டிக் தண்டு குமிழும் பிளாஸ்டிக் பெட்டியும் வரும்வரை பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.