டயாலிசிஸை விட்டுட்டு ஊருக்குப் போயிடறாங்க, ஏன்?

நர்ஸக்கா:
ஆஸ்திரேலியா நடுவுல இருக்கற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல வேலைக்குச் சேந்து மூணு வாரம் ஆகுது. வார்டுல பாதிக்கு மேல பழங்குடி ஜனங்க, பாலைவனத்துக்குள்ள எங்கயோ இருந்து வந்தவங்க. வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ் பண்ணியே ஆகணும்னு தெரிஞ்சும் சிலர் திடீர்னு ஊருக்குக் கெளம்பிடறாங்க, அப்புறம் கால் வீங்கி மூச்சு வாங்க திரும்பி வர்றாங்க. ஒரு பாட்டிகிட்ட கேட்டா ஊரைப் பாக்கணும்கறாங்க, அவ்ளோதான். உயிரை விட மண்ணு பெருசா? திட்டலங்க, நெசமாவே புரியல.

செல்லூர் சேது:
இதுல என்னக்கா புரியல, எங்க அப்பத்தா ஆஸ்பத்திரில கெடந்தப்போ என்னைய வீட்டுக்குக் கொண்டு போங்கடான்னு ஒரே ரகளை.

பழைய டெரிட்டரிக்காரன்:
சேது தம்பி, அது வீட்டு நெனப்பு, இது வேற. இவங்களுக்கு நெலம்ங்கறது சொந்தபந்தம் மாதிரி, ஒவ்வொரு பாறைக்கும் ஊத்துக்கும் ஒரு முன்னோர் கதை, அதைப் போய் பாத்துக்கறது, பாடுறது, சடங்கு செய்யறது எல்லாம் கடமை.

சிஸ்டர், கின்டோர் கதை யாரும் சொல்லலயா? ஆலிஸ்ல இருந்து மேற்கால 500 கிலோமீட்டருக்கு மேல, பின்டுபிங்கற பழங்குடி ஜனங்க ஊரு. முன்னாடி இவங்களப் பாலைவனத்துல இருந்து கொண்டாந்து பபுன்யாங்கற கவர்மென்ட் குடியிருப்புல வெச்சிருந்தாங்க, அங்க ஒட்டாம 1981ல அவங்களே திரும்பிப் போய் கின்டோரை உண்டாக்குனாங்க. அப்புறம் கிட்னி நோவு வந்து மறுபடி ஆலிஸுக்கு வர வேண்டியதாயிடுச்சு. ஊர்லயே மெஷின் வைங்கன்னு கேட்டதுக்கு கவர்மென்ட் கைய விரிச்சிடுச்சு. உடனே பெயின்டிங் வரைஞ்சு 2000ல சிட்னில ஏலம் விட்டாங்க பாருங்க, 10 லட்சம் டாலருக்கு மேல! வரைஞ்சது என்னன்னு நெனைக்கறீங்க, அவங்க நெலத்தைத்தான். 2004ல கின்டோர்லயே டயாலிசிஸ் வந்துடுச்சு. அதை நடத்தற அமைப்புக்கு பர்ப்பிள் ஹவுஸ்னு பேரு, இப்ப மெஷினோட ஒரு லாரியே ஊர் ஊரா போகுது.

சந்தேகப் பேர்வழி:
கதை நல்லாருக்கு, ஆனா சொந்த மண்ணுக்குப் போனா ஒடம்பு தேறும்னு சிலர் சொல்றாங்களே, அதை எப்படி நம்பறது? மேற்கு ஆஸ்திரேலியால டெர்பி பக்கம் சுகர் இருந்த பழங்குடி ஜனங்க 10 பேர் ஏழு வாரம் காட்டுக்குத் திரும்பிப் போய் வேட்டையாடித் தின்னு பாத்தாங்க, 1984ல அதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு. சராசரியா 8 கிலோ எறங்கி சுகரும் நல்லா கொறஞ்சுது. சாப்பாடும் நடையும் போதுமே அதுக்கு?

பழைய டெரிட்டரிக்காரன்:
அந்தச் சாப்பாடும் நடையும் எங்க இருக்கு சார், வார்டுலயா?

நர்ஸக்கா:
லாரி சமாச்சாரம் சத்தியமா தெரியாதுண்ணா. பாட்டி ஊர்ப் பக்கம் எப்பப் போகுதுன்னு நாளைக்கே விசாரிக்கறேன்.